நாட்டு நலப்பணித் திட்டச் சிறப்பு முகாம்

நாட்டு நலப்பணித் திட்டச் சிறப்பு முகாம் என்பது மேல்நிலைப் பள்ளி, கல்லூரி மாணவர்கள் ஏழு நாட்கள் ஒரு சிற்றூரில் தங்கிப் பணியாற்றும் முகாம் ஆகும். காந்தி நூற்றாண்டான 1969-இல், செப்டம்பர் 24 அன்று, 37 பல்கலைக்கழகங்களில் இத்திட்டம் தொடங்கப்பட்டது. பள்ளிகளுக்குப் பின்னரே வந்தது.

பள்ளி நடக்கும் நாட்களில் வளாகத் தூய்மை, மரம் நடுதல் போன்றவை வகுப்பு நேரத்துக்கு வெளியே நடைபெறும். சிறப்பு முகாம் பெரும்பாலும் காலாண்டு அல்லது அரையாண்டு விடுமுறையில் அமையும். தங்குமிடம் பல ஊர்களில் அங்குள்ள பள்ளிக்கூடமே. பெஞ்சுகளை ஓரம் ஒதுக்கினால் வகுப்பறையே படுக்கையறை. பகலில் துப்புரவுப் பணி, வீடு வீடாகக் கணக்கெடுப்பு. மாலையில் கருத்துரை, கலைநிகழ்ச்சி.

கணக்கெடுப்பே இம்முகாமின் பயனுள்ள பகுதி எனலாம். நல்லம்பள்ளி அமைந்துள்ள தருமபுரி மாவட்டத்தில் பல இடங்களில் நிலத்தடி நீரில் ஃபுளூரைடு மிகுதி. குடிநீரில் அதன் உச்ச வரம்பு லிட்டருக்கு 1.5 மில்லிகிராம். அதற்கு மேற்பட்ட நீரைத் தொடர்ந்து குடித்தால் பற்களில் பழுப்புக் கறை படியும்; அளவு மிகவும் கூடினால் நாளடைவில் எலும்பும் மூட்டும் பாதிக்கப்படும். வேதியியல் வகுப்பில் ஃபுளூரின் என்பது தனிம அட்டவணையில் ஒரு கட்டம். இங்கோ அதனைச் சிறுவர்களின் பற்களிலேயே காணலாம்.

இதற்கெனவே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-இல் தொடங்கி வைக்கப்பட்டு, காவிரி நீர் ஊர்களுக்குக் கொண்டுவரப்பட்டது. ஆயினும், ஆழ்துளைக் கிணற்று நீரைக் காய்ச்சிக் குடித்தால் போதும் என நினைக்கும் வீட்டாரிடம் மாணவர்கள் சொல்ல வேண்டியது ஒன்றுண்டு: காய்ச்சினால் கிருமிகள் சாகும், ஃபுளூரைடு நீங்காது. நீர் ஆவியாகிக் குறைவதால் அதன் செறிவு சற்றுக் கூடவே செய்யும்.