கைவேலையும் கணக்குப் பாடமும்

பாடத்தில் பின்தங்கிய பிள்ளைக்கு நம் பள்ளிகள் செய்வது பெரும்பாலும் ஒன்றுதான்: சிறப்பு வகுப்பு வைத்து, திரும்பத் திரும்பப் படிக்கவும் எழுதவும் சொல்வது. எந்த வழியில் புரியாமல் போனதோ அதே வழியில் இன்னும் இரண்டு மணி நேரம் நடத்தினால் அலுப்புதான் மிஞ்சும். மகாராஷ்டிரத்தில் புணே அருகே உள்ள பாபல் கிராமத்தில், எஸ்.எஸ். கல்பாக் என்ற விஞ்ஞானி 1983-இல் தொடங்கிய ‘விஞ்ஞான் ஆசிரமம்’ வேறு வழியில் போனது. பள்ளியை விட்டு நின்ற பிள்ளைகள் அங்கே வெல்டிங், மின்வேலை, கட்டுமானம், பயிர்த்தொழில் என்று செய்தே கற்றார்கள். கணினியால் இயங்கும் கருவிகளைக் கொண்டு எவரும் பொருள் செய்து பார்க்கும் சிறு பட்டறைக்கு ‘ஃபேப் லேப்’ என்று பெயர்; அமெரிக்காவுக்கு வெளியே அமைந்த முதல் ‘ஃபேப் லேப்’களில் ஒன்று 2002-இல் அங்குதான் வந்தது.

செய்வதால் என்ன மாறுகிறது? ஜன்னலுக்கு இரும்புச் சட்டம் அடிக்கும் மாணவரை எடுத்துக்கொள்வோம். எதிரெதிர்ப் பக்கங்கள் சமமாக இருந்தும் சட்டம் கோணலாக நிற்கலாம். இரண்டு மூலைவிட்டங்களையும் அளந்தால் தெரிந்துவிடும். தப்பு எங்கே என்று இரும்பே காட்டுகிறது, அவரே தட்டிச் சரிசெய்கிறார். விடைத்தாளில் விழும் சிவப்புக் கோடு அப்படியல்ல. பல நாள் கழித்து வரும், ‘உனக்கு வராது’ என்ற தீர்ப்பாகவே மனசில் தங்கும். திருத்திக்கொள்ள வாய்ப்புள்ள தவறுதான் தேறாத பிள்ளைக்கு முதல் தேவை. உடலின் அனுபவமும் துணை நிற்கிறது. அமெரிக்க ஆய்வாளர்கள் 2015-இல் வெளியிட்ட ஒரு சோதனையில், சுழலும் சைக்கிள் சக்கரத்தைக் கையில் பிடித்துச் சாய்த்துப் பார்த்தவர்கள், அருகிலிருந்து பார்த்தவர்களைவிட இயற்பியல் தேர்வில் நன்றாக விடை எழுதினார்கள்.

‘விளையாட்டாகப் போய்விடும், பாடம் நிற்காது’ என்பார்கள். பொருளற்ற பயமில்லை இது. வழிகாட்டல் இல்லாமல் தானே கண்டுபிடி என்று விட்டுவிட்டால் புதிதாகக் கற்பவர் திணறுவார் என்று கல்வி ஆய்வாளர்கள் கிர்ஷ்னர், ஸ்வெல்லர், கிளார்க் மூவரும் 2006-இல் அழுத்தமாக வாதிட்டார்கள். ஆனால் அது ஆசிரியர் ஒதுங்கி நிற்பதற்கு எதிரான வாதம். கைவேலைக்கு எதிரானது அல்ல. ‘மூலைவிட்டம் ஏன் சமமாக வந்தது?’ என்று சரியான நேரத்தில் கேட்டு, விடையைக் கரும்பலகையில் வடிவியலாக எழுதிக்காட்ட ஆசிரியர் வேண்டும். அந்தக் கேள்வி இல்லாவிட்டால் சட்டம் மட்டும் மிஞ்சும்.

தமிழ்நாட்டில் இதைவிடக் கனமான ஆட்சேபம் ஒன்று உண்டு. 1953-இல் முதலமைச்சர் ராஜாஜி கொண்டுவந்த ஆரம்பக் கல்வித் திட்டம் பள்ளி நேரத்தைக் குறைத்து, மீதி நேரத்தில் பிள்ளைகள் வீட்டுத் தொழிலைக் கற்கலாம் என்றது. ‘குலக்கல்வி’ என்று எதிர்ப்பு கிளம்பியது. 1954-இல் காமராஜர் ஆட்சி அதைக் கைவிட்டது. கைவேலை என்றதும் நம்மில் பலருக்கு எழும் சந்தேகம் நியாயமானது. ஆனால் அங்கே தவறு, பிறப்பு தொழிலைத் தீர்மானித்ததிலும் படிப்பு நேரம் பறிபோனதிலும் இருந்தது. படிப்பில் ‘மட்டமான’ பிள்ளைகளை மட்டும் பட்டறைக்கு அனுப்பி, முதல் மதிப்பெண்காரர்களைப் புத்தகத்தோடு உட்காரவைத்தால் இன்றும் அதே தவறுதான். பட்டறை பள்ளிக்குள், பாடவேளைக்குள், எல்லாருக்கும் பொதுவாக இருக்க வேண்டும். அது பலித்ததா என்று சொல்ல, செய்த பொருளின் அழகு போதாது. தான் தொட்டே பார்க்காத ஒரு சட்டத்தைப் பற்றிய கணக்கையும் அந்தப் பிள்ளை தாளில் போட்டுக்காட்ட வேண்டும்.