பூச்செண்டுக்குக் காம்பே முக்கியம்

நம் வீடுகளில் பூவைக் காம்பில்லாமல் கொய்து தொடுப்பதே வழக்கம். மல்லிகைக்கும் கனகாம்பரத்துக்கும் அது போதும். பூச்செண்டுக்கோ ஓர் அடிக்குக் குறையாத காம்பு வேண்டும். இதை எண்ணாமல் செடி வைப்பதால்தான், வாசலில் பூ இருந்தும், விசேஷ நாளில் கடைச் செண்டுக்குப் பணம் கொடுக்க நேருகிறது.

பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையிலும் நாற்றுப் பண்ணைகளிலும் பூத்த நிலையில் கிடைக்கும் தொட்டிச் செடிகள் பெரும்பாலும் குட்டை ரகங்கள். அவை திண்ணைக்கு அழகு, செண்டுக்கு உதவா. எனவே உயர ரகங்களின் விதையை வாங்கி விதைப்பதே நல்லது. ஜின்னியாவில் 'பெனாரி ஜயண்ட்' 3 அடி வரையும், காஸ்மாஸில் 'சென்சேஷன்' 4 அடி வரையும் வளரும். இரண்டும் மெக்சிகோவிலிருந்து வந்த இனங்கள். துணைக்கு உயரக் கோழிக்கொண்டையும் வாடாமல்லியும் இருந்தால் செண்டு நிறைந்துவிடும்.

பல்லாவரத்தில் பல இடங்களில் செம்பூரான் சரளை மண். 1863-ல் ராபர்ட் புரூஸ் ஃபூட் பழங்கற்காலக் கருவியைக் கண்டெடுத்தது இத்தகைய சரளையில்தான். இம்மண்ணில் நீர் தங்காது. ஆகவே ஓர் அடி ஆழம் கொத்திக் கற்களைப் பொறுக்கி, சதுர மீட்டருக்கு 5 கிலோ மக்கிய தொழு உரம் கலந்து, மேட்டுப்பாத்தி அமைக்க வேண்டும். கிணற்று நீர் உப்பாக இருந்தால், சேமித்த மழைநீரை நாற்றுக்கு ஒதுக்குவது நலம்.

நவம்பர் நடுவில், மழை படாத தாழ்வாரத்தில் தட்டுகளில் விதைக்கலாம். மூன்று வாரத்தில், மழை ஓய்ந்த நாள் பார்த்து, ஓர் அடி இடைவெளியில் நடவேண்டும். ஜின்னியா விதைத்த சுமார் 60 நாளில், பொங்கலையொட்டிப் பூக்கும். ஒரே நாளில் எல்லா விதையையும் போடாமல், 20 நாளுக்கு ஒருமுறை சிறிது சிறிதாக விதைத்தால் பூ தொடர்ந்து கிடைக்கும்.

ஜின்னியாவும் காஸ்மாஸும் ஒரு சாண் வளர்ந்ததும் நுனியைக் கிள்ளிவிடுங்கள். பக்கக் கிளைகள் நிறைய வரும். கோழிக்கொண்டையைக் கிள்ளக் கூடாது; பெரிய கொண்டை அமையாது. இலைமேல் நீர் தெளிக்காமல் வேரில் ஊற்றினால் ஜின்னியாவில் இலைப்புள்ளி நோய் குறையும்.

வெட்டும் பருவம் மிக முக்கியம். ஜின்னியாக் காம்பைப் பூவுக்கு ஒரு சாண் கீழே பிடித்து மெல்ல ஆட்டிப் பாருங்கள். விறைப்பாக நின்றால் வெட்டலாம். துவண்டால் இன்னும் முற்றவில்லை. காஸ்மாஸை இதழ் விரியத் தொடங்கும்போதே வெட்டவேண்டும். அதிகாலையில், கணுவுக்குச் சற்று மேலே நீளமாக வெட்டி, கீழ் இலைகளை அகற்றி, உடனே வாளி நீரில் வையுங்கள். நீளமாக வெட்டத் தயங்க வேண்டாம். கீழ்க் கணுவிலிருந்து எழும் கிளையே அடுத்த செண்டுக்கு நீண்ட காம்பைத் தரும்.