நெல்லுக்குக் கரியமில வாயு நல்லதா?

பூமி சூடாவது நல்லதுக்கே என்று நம்பியவர்களில் ஒருவர், அந்தச் சூட்டை முதன்முதலில் கணக்குப் போட்டுக் காட்டிய விஞ்ஞானியேதான். காற்றில் கரியமில வாயு இரட்டிப்பானால் வெப்பநிலை 5 முதல் 6 டிகிரி உயரும் என்று 1896-இல் கணித்தார், ஸ்வீடனின் ஸ்வாந்தே அர்ரேனியஸ். பத்தாண்டுகள் கழித்து எழுதிய நூலில், குளிர்நாடுகளில் இதமான பருவநிலை வரும், விளைச்சல் பெருகும் என்று மகிழ்ந்தார்.

நீண்ட பனிக்காலங்களில் வாழ்ந்தவருக்கு அப்படித் தோன்றியதில் வியப்பில்லை. இன்றும் உலகில் வெயிலால் இறப்போரைவிடக் குளிரால் இறப்போர் அதிகம் என்றே ஆய்வுகள் மதிப்பிடுகின்றன. செயற்கைக்கோள் படங்களில் பூமியின் பசுமை கூடியிருப்பதும் தெரிகிறது. இதையெல்லாம் மறைத்துவிட்டு வாதாடுவது நேர்மையாகாது.

பசுமை கூடியதற்குக் காரணம் இருக்கிறது. நெல், கோதுமை இலைகளில் கரியமில வாயுவைப் பிடிக்கும் ரூபிஸ்கோ என்ற நொதி, அடிக்கடி தவறிப்போய் ஆக்சிஜனைப் பிடித்துவிடும். காற்றில் கரியமில வாயு கூடக்கூட அந்தத் தவறு குறைகிறது. இலைத்துளைகளும் அவ்வளவாகத் திறக்க வேண்டியதில்லை; தண்ணீர் மிச்சமாகிறது. நெதர்லாந்தின் கண்ணாடிக் குடில்களில் தக்காளிச் செடிகளுக்கு இந்த வாயுவை வேண்டுமென்றே செலுத்துகிறார்கள். கம்பு, சோளம், கரும்புக்கு இந்த லாபம் அதிகம் கிடைக்காது. அவற்றின் இலைகளே வாயுவைச் செறிவாக்கிக்கொள்ளும் வித்தை அறிந்தவை.

ஆனால் நாம் உண்பது இலையை அல்ல, மணியை. திறந்த வயலில் வட்டமாகக் குழாய்கள் பதித்து, பயிரின்மேல் கரியமில வாயுவைப் படரவிட்டு வளர்த்துப் பார்த்தார்கள். காற்றில் இன்று பத்து லட்சத்துக்கு 420 பங்குக்கு மேல் உள்ள வாயு, அந்த வயல்களில் சுமார் 550 பங்கு. 2014-இல் வெளியான முடிவு இது: கோதுமையில் துத்தநாகம் 9 சதவீதமும் இரும்பு 5 சதவீதமும் குறைந்தன, அரிசியில் புரதம் ஏறத்தாழ 8 சதவீதம் குறைந்தது. சீனாவிலும் ஜப்பானிலும் 18 நெல் வகைகளை ஆராய்ந்து 2018-இல் வெளியிட்ட ஆய்வில் பி-வைட்டமின்களும் குறைந்திருந்தன. அவற்றுள் ஃபோலேட் மட்டும் 30 சதவீதம். முட்டையும் பாலும் பருப்பும் வாங்க முடிந்தவர்களுக்கு இது பெரிய இழப்பல்ல. மூன்று வேளையும் சோற்றை நம்பியிருக்கும் கர்ப்பிணிக்கும் அவள் குழந்தைக்கும் பெரிய இழப்பு. பருவநிலை மாற்றத்தின் லாப நட்டத்தைச் சராசரி போட்டுப் பேசும்போது எனக்குக் கோபம் வருவது இந்த இடத்தில்தான். லாபம் பெறுபவரும் நட்டம் சுமப்பவரும் ஒருவரே அல்லர்.

அதோடு, கரியமில வாயு சூட்டையும் கூட்டிக்கொண்டுதான் வருகிறது. பிலிப்பைன்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தில், 1979 முதல் 2003 வரை இரவு வெப்பநிலை ஒரு டிகிரிக்குமேல் உயர்ந்தது. பகல் வெப்பநிலை அதில் மூன்றில் ஒரு பங்குதான் கூடியது. கோடைப்போக நெல்லில் இரவு வெப்பம் ஒரு டிகிரி கூடினால் விளைச்சல் 10 சதவீதம் குறைவதாக அங்கே கண்டார்கள். இரவில் பயிர் சுவாசிக்கிறது. சூடு கூடினால் பகலில் சேர்த்த மாவுச்சத்தை அது கூடுதலாகச் செலவழிக்கிறது என்பது ஒரு விளக்கம்.

பகலில் ஆபத்து பூக்கும் நேரத்தில். 35 டிகிரியைத் தாண்டினால் மகரந்தம் பழுதாகிப் பதராகும். இதற்காக, காலையில் சீக்கிரமே பூக்கும் குணத்தை ஒரு காட்டு நெல்லிலிருந்து ஐ.ஆர். 64 ரகத்துக்கு ஏற்றியிருக்கிறார்கள். உச்சிவெயில் ஏறுமுன் பூத்து முடிந்துவிடும். இரவுச் சூட்டிலிருந்து அப்படி ஒதுங்க நெல்லுக்கு வேறொரு நேரம் கிடையாது. அதைத் தாங்கும் ரகங்களைத்தான் தேடுகிறார்கள்.