எஞ்சினுக்குக் காற்றூட்டல்

என் தமக்கையின் மகன் மேட்டுப்பாளையத்தில் வாழ்கிறான். அவனிடம் 1.2 லிட்டர் கொள்ளளவுள்ள எஞ்சின் பூட்டிய சிறிய கார் ஒன்று உண்டு. அவனுடைய மாமனார் வீடு உதகமண்டலத்தில் இருப்பதால், மனைவி மக்களுடன் அடிக்கடி மலையேறுவான். சென்ற கோடையில் அவன் என்னிடம் வந்து, "மாமா, பர்லியாற்றைத் தாண்டியதும் என் வண்டிக்கு மூச்சு முட்டுகிறது. முன்னே செல்லும் லாரியைக் கடக்க முயன்றால் பாதி வழியில் விசை குன்றிவிடுகிறது. சென்ற மாதம் எதிரே பேருந்து வந்துவிட்டது, குழந்தைகள் அலறிவிட்டார்கள். எஞ்சினின் வலிமையைக் கூட்ட டர்போசார்ஜர், சூப்பர்சார்ஜர், நைட்ரஸ் என மூன்று வழிகள் உண்டு என்கிறார்கள். எதனைப் பூட்டலாம்?" என்று கேட்டான்.

இலக்கணம் கற்பித்து ஓய்வு பெற்றவனிடம் கேட்கத்தக்க கேள்வி அன்று அது. ஆயினும், என்னிடம் பயின்ற மாணவர் ஒருவர் கோயம்புத்தூரில் முப்பது ஆண்டுகளாக மோட்டார்ப் பட்டறை நடத்தி வருகிறார். நாங்கள் இருவரும் அவரை நாடிச் சென்றோம். அவர் கருவிகளைக் காட்டி விளக்கியவற்றையும், பின்னர் நான் நூல்களிற் கண்டவற்றையும் இங்கே தொகுத்துக் கூறுகின்றேன்.

கார் பெட்ரோலால் ஓடுகிறது என்று நாம் சொல்கிறோம். அஃது அரை உண்மையே ஆகும். ஒரு லிட்டர் பெட்ரோல் முழுமையாக எரிவதற்கு ஏறத்தாழ 11 கிலோகிராம் காற்று வேண்டும். அக்காற்றை அளந்தால் 9,000 லிட்டர் அளவுக்கு வரும். பெட்ரோலை எவ்வளவு வேண்டுமாயினும் எஞ்சினுக்குள் செலுத்திவிடலாம்; காற்றை அவ்வாறு செலுத்த இயலாது. சிலிண்டரினுள்ளே பிஸ்டன் கீழிறங்குகையில் ஏற்படும் வெற்றிடத்தை நிரப்ப, வெளிக்காற்று தன் அழுத்தத்தால் எவ்வளவு உட்புகுமோ அவ்வளவே எஞ்சினுக்குக் கிட்டும் உணவு. 1.2 லிட்டர் எஞ்சின் இரண்டு முறை சுழன்றால் அதிகமாக 1.2 லிட்டர் காற்றையே உட்கொள்ளும். உதகமண்டலமோ கடல் மட்டத்திற்கு மேல் 2,240 மீட்டர் உயரத்தில் உள்ளது. அங்குக் காற்றின் அழுத்தம் கடற்கரையில் உள்ளதில் முக்கால் பங்கே. ஆதலால், சமவெளியில் 80 குதிரைத்திறன் தரும் எஞ்சின் அம்மலைமேல் 60 குதிரைத்திறன் அளவே தரும். என் மருமகனின் வண்டிக்கு மூச்சு முட்டியது என்பது வெறும் உவமை அன்று. உண்மையிலேயே அதற்குக் காற்றுப் போதவில்லை.

கொல்லன் உலையில் கரி நிறைந்திருந்தும் துருத்தி ஊதாவிடில் இரும்பு பழுக்காது. நாம் எடுத்துக்கொண்ட மூன்று வழிகளும் எஞ்சினுக்குத் துருத்தி அமைக்கும் வழிகளே. துருத்தியை யார் ஊதுவது என்பதிலேதான் அவை வேறுபடுகின்றன.

சூப்பர்சார்ஜர் என்னும் கருவியை எஞ்சினே ஊதுகிறது. எஞ்சினின் கிராங்குத் தண்டிலிருந்து ஒரு பெல்ட்டு ஓடி, காற்றை அமுக்கித் தள்ளும் சுழல் கருவி ஒன்றை இயக்கும். இக்கருவி உலைக்களத்தோடு உறவுடையது என்பது எனக்கு வியப்பளித்தது. அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தில் ரூட்ஸ் என்னும் குடும்பப் பெயருடைய உடன்பிறந்தார் இருவர் 1860ஆம் ஆண்டில் உருவாக்கிய காற்றூதி இரும்பு உருக்கும் உலைகளுக்குக் காற்று ஊதிற்று. அதே அமைப்பே பின்னாளில் காரில் ஏறிற்று. 1921ஆம் ஆண்டில் பெர்லின் நகரில் நடந்த கண்காட்சியில், சூப்பர்சார்ஜர் பூட்டிய கார்களை மெர்சிடிஸ் நிறுவனம் விற்பனைக்கு வைத்தது.

இதன் சிறப்பு யாதெனின், எஞ்சின் சுழலத் தொடங்கியதுமே இதுவும் சுழல்வதாகும். மிதித்த கணமே காற்று வரும். கொண்டை ஊசி வளைவில் வேகம் தணிந்து, மீண்டும் ஏறத் தொடங்கும் வண்டிக்கு இது பெரிய நன்மை. குறை யாதெனின், ஊதுவதற்கு வேண்டிய உழைப்பையும் எஞ்சினே தருவதாகும். ஈட்டிய பொருளில் ஒரு பங்கு ஈட்டுதற்கே செலவாவது போல, கூட்டிய ஆற்றலில் ஒரு பகுதி பெல்ட்டிலேயே கழிந்துவிடும். பெட்ரோலும் மிகுதியாகச் செலவாகும். மினி கூப்பர் எஸ் என்னும் சிறிய காரின் வரலாறு இதனைத் தெளிவாக்கும். பி.எம்.டபிள்யூ. நிறுவனம் முதலில் அதன் 1.6 லிட்டர் எஞ்சினுக்குச் சூப்பர்சார்ஜரைப் பூட்டி 163 குதிரைத்திறன் பெற்றது. 2006ஆம் ஆண்டில் காரைப் புதுப்பித்தபோது, அதே 1.6 லிட்டர் கொள்ளளவில் வேறோர் எஞ்சினை அமைத்து, அதற்கு டர்போவைப் பூட்டி 175 குதிரைத்திறன் பெற்றது. ஆற்றல் கூடியும் பெட்ரோல் செலவு குறைந்தது.

டர்போசார்ஜர் என்பது கழிவால் ஊதப்படும் துருத்தி. பெட்ரோல் எரிவதனால் உண்டாகும் வெப்பத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு புகைக்குழாய் வழியே வீணாக வெளியேறுகிறது. அவ்வெம்புகையைக் கொண்டு ஒரு சக்கரத்தைச் சுழற்றி, அதே தண்டின் மறுமுனையில் உள்ள மற்றொரு சக்கரத்தால் தூய காற்றை அமுக்கி உள்ளே செலுத்தலாம் என்று ஆல்ஃபிரட் பூக்கி என்னும் சுவிட்சர்லாந்து நாட்டுப் பொறியாளர் கருதி, 1905ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்றார். உள்ளங்கையில் அடங்கும் அச்சக்கரங்கள் நிமிடத்திற்கு ஓர் இலட்சம் சுற்றுக்கு மேல் சுழலும். புகை வெளியேறும் வழியைச் சற்றே அடைப்பதால் எஞ்சினுக்குச் சிறிது சுமை உண்டெனினும், பெல்ட்டின் சுமையை நோக்க அது சிறிதே.

மலைக்கும் டர்போவுக்கும் உள்ள தொடர்பு பழமையானது. 1918ஆம் ஆண்டில், விமானங்கள் உயரே செல்லச் செல்ல வலிமை இழப்பதைத் தடுக்க விரும்பிய அமெரிக்கர், சான்ஃபோர்டு மாஸ் என்னும் பொறியாளரின் டர்போவை லிபர்ட்டி என்னும் விமான எஞ்சினில் பூட்டினர். சோதனைக்காக அதனைக் கொலராடோ மாநிலத்துப் பைக்ஸ் சிகரத்தின் உச்சிக்குக் கொண்டு சென்றனர். அவ்வுச்சி ஏறத்தாழ 4,300 மீட்டர் உயரமுடையது. உதகமண்டலத்தைப் போல் இரு மடங்கிற்குச் சற்றுக் குறைவு. காற்று மெலிந்த அவ்விடத்திலும் எஞ்சின் கடல் மட்டத்தில் தந்த ஆற்றலைக் குன்றாமல் தந்தது. இதனைக் கேட்டதும் என் மருமகன், "அப்படியானால் டர்போவே வேண்டும்" என்றான்.

பட்டறைக்காரர் சிரித்தார். "டர்போ நல்லதுதான், உங்கள் எஞ்சின் அதனைத் தாங்குமா என்பதல்லவா கேள்வி?" என்றார். இங்கேதான் செய்தியின் உட்கிடை உள்ளது. மிதிவண்டிக்குக் காற்றடிக்கும் பம்பு சிறிது நேரத்தில் சுடுவதைக் கண்டிருப்பீர்கள். காற்றை அமுக்கினால் அது வெப்பமடையும். 30 பாகை வெப்பமுள்ள காற்றை ஒன்றரை மடங்கு அழுத்தத்திற்கு அமுக்கினால், அது 80 பாகை அளவுக்குச் சூடாகும். அதனைக் குளிர்விக்கவே இன்டர்கூலர் என்னும் வலைக்கருவியை இடையில் வைக்கின்றனர். அவ்வாறு குளிர்வித்தும் சிலிண்டரினுள் வெப்பமும் அழுத்தமும் முன்னைவிட மிகும். மிகவே, பொறி பரப்பிய சுடர் முறையாக வந்து சேருமுன்னர், மூலையில் உள்ள கலவை தானே வெடிக்கும். இதனைத் தட்டல் என்பர். பிஸ்டனின் தலையில் சுத்தியால் அடிப்பது போன்றது அது.

இத்துயரை முதலில் பட்டறிந்தது ஒரு சிறிய காரே. 1962ஆம் ஆண்டில் அமெரிக்காவில் டர்போ பூட்டிய கார்கள் இரண்டு விற்பனைக்கு வந்தன. ஒன்று செவர்லே கார்வேர், மற்றொன்று ஓல்ட்ஸ்மொபீல் ஜெட்ஃபயர். அந்நாட்டார் கணக்கில் இரண்டும் சிறிய கார்கள். ஜெட்ஃபயர் எஞ்சினில் தட்டல் எழாமல் தடுக்க, நீரும் மெத்தனாலும் கலந்த நீர்மம் ஒன்றைத் தனிக் கலத்தில் ஊற்றிவைத்துத் தெளிக்கும்படி அமைத்தனர். கலம் வற்றினால் டர்போ அடங்கிவிடும். கார் வலிமை இழக்கும். உரிமையாளர் பலர் அதனை நிரப்ப மறந்தனர். பின்னர்ப் பலர் டர்போவையே கழற்றி எறிந்தனர். 1963ஆம் ஆண்டோடு அக்கார் நின்றுபோயிற்று.

தொழிற்சாலையிலிருந்தே டர்போவுடன் வரும் இக்காலக் கார்களின் நிலை வேறு. புனேயை அடுத்த சாகனில் உருவாகிய வோக்ஸ்வாகன் போலோவை எடுத்துக்கொள்வோம். 1.2 லிட்டர் கொள்ளளவுள்ள அதன் சாதாரண எஞ்சின் 75 குதிரைத்திறன் தந்தது. 2013ஆம் ஆண்டில் வந்த டர்போ எஞ்சினும் 1.2 லிட்டரே, ஆனால் அது 105 குதிரைத்திறன் தந்தது. பழைய எஞ்சினில் ஒரு டர்போவை ஒட்டவைத்துப் பெற்ற ஆற்றல் அன்று அது. மூன்று சிலிண்டர் இருந்த இடத்தில் நான்கு, பெட்ரோலை நேரே சிலிண்டரினுள் தெளிக்கும் முறை, எல்லாம் புதிது. டர்போவுக்கு ஒரு குறை எஞ்சியிருக்கிறது. புகை போதிய அளவு பெருகிச் சக்கரம் வேகம் கொள்ளும்வரை ஆற்றல் வராது. மிதித்தபின் ஒரு கணம் காத்திருத்தல் வேண்டும். சிறிய சக்கரங்களை அமைத்து இக்காலத்தார் அத்தாமதத்தைப் பெரிதும் குறைத்துவிட்டனர்.

இனி நைட்ரஸ். நைட்ரஸ் ஆக்ஸைடு என்பது ஜோசப் பிரீஸ்ட்லி 1772ஆம் ஆண்டில் கண்டறிந்த வாயு. பல் பிடுங்குவோர் நோவு தெரியாதிருக்கப் பயன்படுத்திய சிரிப்பூட்டும் வாயு இதுவே. இதனை எஞ்சினுக்கு ஊட்டுவதில் சிரிப்புக்கு இடமில்லை. காற்றின் எடையில் 23 விழுக்காடே ஆக்ஸிஜன்; இவ்வாயுவிலோ 36 விழுக்காடு. சிலிண்டரின் வெப்பத்தில் இது பிரிந்து, அந்த ஆக்ஸிஜனை விடுவிக்கும். நீர்ம நிலையிலிருந்து ஆவியாகும்போது உட்செல்லும் காற்றையும் குளிர்விக்கும். இரண்டாம் உலகப்போரில் ஜெர்மானியர் தம் விமானங்கள் சிலவற்றுக்கு மிக உயரத்தில் இதனை ஊட்டினர். பெல்ட்டு இல்லை, சுழலும் சக்கரம் இல்லை. ஒரு குப்பி, ஒரு குழாய், ஒரு பொத்தான், அவ்வளவே. மூன்றனுள் இதுவே விலை குறைந்தது.

ஆனால், குப்பியில் உள்ளது சில நிமிடங்களுக்கே போதும். நானூறு மீட்டர் பந்தயத்தில் பத்துப் பதினைந்து நொடி ஓடுவோர்க்கு அது போதுமானது. மலையேறுவோர்க்கு முதல் சில வளைவுகளிலேயே தீர்ந்துபோகும். மேலும், இவ்வாயு 36.4 பாகைக்கு மேல் எவ்வளவு அமுக்கினும் நீர்மமாக இராது. அவ்வெல்லையில் குப்பியினுள் அழுத்தம் வளிமண்டல அழுத்தத்தைப்போல் எழுபது மடங்கைத் தாண்டியிருக்கும். சித்திரை வெயிலில் நிறுத்திவைத்த காரின் பின்பெட்டிக்குள் வெப்பம் எவ்வளவு என்பதை நான் சொல்ல வேண்டுவதில்லை. இவற்றினும் கொடியது ஒன்றுண்டு. வாயுவுக்கு ஈடாகப் பெட்ரோல் சேராது ஒரு கணம் குறைந்தாலும், தீயின் வெப்பம் மிகுந்து பிஸ்டன் உருகும். பட்டறைக்காரர் பரணிலிருந்து ஒரு பிஸ்டனை எடுத்துக் காட்டினார். அதன் நடுவே விரல் நுழையும் அளவு துளை. யாரோ ஓர் இளைஞர் வேறிடத்தில் நைட்ரஸ் பூட்டிக்கொண்டு, மூன்றாம் நாள் கயிறு கட்டி இழுத்து வந்த காரிலிருந்து கழற்றியதாம்.

"அப்படியாயின் எதனைத் தேர்வது?" என்று மருமகன் மீண்டும் கேட்டான். பந்தயத் தடத்தில் மட்டும் ஓடும் காருக்கு நைட்ரஸ் தகும். வலிமையான எஞ்சினும், பெட்ரோல் செலவைப் பாராத உள்ளமும் உடையவனுக்குச் சூப்பர்சார்ஜர் தகும். நாள்தோறும் ஓடுவதற்கும் மலைக்கும் டர்போவே சிறந்தது. ஆனால் அது காரோடு பிறந்ததாக இருத்தல் வேண்டும் என்பது பட்டறைக்காரர் கூறிய விடை. ஓடித் தேய்ந்த எஞ்சினில் பூட்டுவதாயின் பிஸ்டன், கிளச்சு, குளிர்விக்கும் அமைப்பு, பிரேக்கு என ஒவ்வொன்றாக மாற்ற நேரும். வலிமை கூடிய காரைப் பழைய பிரேக்கே நிறுத்த வேண்டியிருப்பதைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. சட்டமும் குறுக்கே நிற்கிறது. பதிவுச் சான்றில் கண்ட விவரங்கள் தயாரிப்பாளர் முதலில் வகுத்ததினின்றும் மாறுபடும்படி வண்டியைத் திருத்துதல் கூடாது என்று 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு விதிக்கின்றது.

மருமகன் முகம் வாடிற்று. அப்போது பட்டறைக்காரர், இருக்கும் வலிமை முழுதும் கிடைக்கிறதா என்று பார்ப்போம் எனக் கூறி, ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி ஒவ்வொரு சிலிண்டரிலும் அழுத்தமானியைப் பொருத்தினார். மூன்று சிலிண்டர்களில் முள் ஒரே அளவைக் காட்டிற்று. நான்காவதில் மிகவும் தாழ்ந்து நின்றது. வால்வு ஒன்று சரிவர மூடாமல் காற்று கசிந்துகொண்டிருந்தது. காற்று வடிகட்டியை எடுத்தார். அதன் மடிப்புகள் செம்மண் தூசியால் அடைபட்டிருந்தன. காற்றுப் பஞ்சத்தில் இருந்த எஞ்சினின் வாயையும் அடைத்து வைத்திருக்கிறோம்!

வால்வைத் தேய்த்துப் பொருத்தி, வடிகட்டியை மாற்றப் பட்டறையில் நான்கு நாள் ஆயிற்று. உதகமண்டலத்தின் மெலிந்த காற்று மெலிந்ததாகவே இருக்கிறது; அங்கே குறையும் கால் பங்கு இன்னும் குறையத்தான் செய்கிறது. ஆனால் சமவெளியிலேயே இழந்திருந்த வலிமை திரும்பிவிட்டது. சென்ற வாரம் தொலைபேசியில் பேசிய மருமகன், முன்பு முதல் கியரில் முனகிய ஏற்றத்தை வண்டி இரண்டாம் கியரிலேயே ஏறுகிறது என்றான். இதனை விற்றுவிட்டுத் தொழிற்சாலை டர்போவுடன் வரும் கார் ஒன்று வாங்கப் பணம் சேர்த்து வருகிறானாம். லாரியைக் கடப்பதுண்டா என்று கேட்டேன். பக்கத்தில் அவன் மனைவி ஏதோ சொல்வது கேட்டது. "குன்னூர் வரை அதன் பின்னாலேயே போகிறேன், மாமா" என்றான்.