படிவத்தில் இடம் உண்டு; வரிசையில்?

திருநர்களும் சம உரிமையுடைய குடிமக்களே என்று உச்ச நீதிமன்றம் 2014 ஏப்ரல் 15 அன்று தீர்ப்பளித்தது. அதன் அடிப்படையில், வங்கிப் படிவங்கள் அனைத்திலும் ‘மூன்றாம் பாலினம்’ என்னும் பிரிவைச் சேர்க்குமாறு 2015 ஏப்ரலில் ரிசர்வ் வங்கி பணித்தது. கல்வி, வேலை, மருத்துவம், குடியிருப்பு ஆகியவற்றில் பாகுபாடு காட்டுவதை 2019ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது.

இச்சட்டத்தின்கீழ் அடையாளச் சான்றிதழ் வழங்குபவர் மாவட்ட ஆட்சியர். சித்தூர் மாவட்டத்தினர் அங்குள்ள ஆட்சியரிடமும், 2022இல் உருவான திருப்பதி மாவட்டத்தினர் தம் ஆட்சியரிடமும் விண்ணப்பிக்க வேண்டும். ஆந்திர அரசு திருநர்களுக்கு மாத ஓய்வூதியமும் வழங்குகிறது. ஆனால், சான்றிதழில் ஒரு பெயரும் வங்கிக் கணக்கில் பழைய பெயரும் இருந்தால் சிக்கல்தான். சான்றிதழைக் காட்டிக் கணக்கிலும் பெயரைத் திருத்திக்கொள்வதே நல்லது.

படிவத்தில் ஒரு கட்டத்தைச் சட்டம் பெற்றுத் தந்துவிட்டது. ஆயினும், கவுண்டரில் பழைய பெயரை உரக்க அழைத்தாலோ, வரிசையில் நிற்போர் திரும்பிப் பார்த்துச் சிரித்தாலோ, வந்தவர் மறுமுறை வங்கிப் படி ஏறமாட்டார். கணக்கு இல்லாதவருக்குப் பாதுகாப்பான சேமிப்பும் இல்லை, முறையான கடனும் இல்லை, கந்துவட்டிக்காரரே கதி. கவுண்டருக்கு உள்ளே இருக்கும் நாமும், வெளியே நிற்கும் வாடிக்கையாளர்களும் சேர்ந்து காக்கவேண்டிய மரியாதை இது.