டாப்பை வெட்டும் முன்

மாப்பிள்ளை அழைப்போ கட்சி ஊர்வலமோ, கூரையில்லாத காருக்குத் தனி மவுசு. பழைய அம்பாசடரையோ பியட்டையோ வாங்கி, டாப்பை வெட்டிவிட்டு, அடியில் நாலு சேனல் வைத்துப் பற்றவைத்தால் ஆயிற்று என்று எந்தப் பட்டறையிலாவது சொன்னால், தர்மபுரி மாவட்டம் பாப்பாரப்பட்டிக்காரர்கள் அட்வான்ஸ் கொடுக்குமுன் கொஞ்சம் பொறுக்கலாம்.

அந்த வண்டிகளில் லாரிக்கு இருப்பதுபோலத் தனி சேஸிஸ் கிடையாது. தரை, தூண், கூரை எல்லாம் ஒன்றாகப் பற்றவைத்த உடல்தான் பாரத்தைத் தாங்குகிறது. உறையிலிருந்து உருவிய தீப்பெட்டித் தட்டுபோல, கூரை போன உடல் முறுக்கிக்கொள்ளும். சென்னையில் ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனம் 1961 முதல் தயாரித்த ஹெரால்டு வேறு ரகம். தனி சேஸிஸ் உண்டு, கூரையே போல்ட்டில்தான் நிற்கும். அதனால் கழற்றுவது எளிது. கூரை தந்த பலம் மட்டும் அதிலும் போகத்தான் செய்யும்.

கம்பெனியிலேயே ஓப்பனாக வரும் கார்களில் கதவுக்குக் கீழே நீளவாக்கில் ஓடும் பெட்டிப் பகுதியைத் தடித்த தகட்டால் கட்டுவார்கள். தரைக்கு அடியில் குறுக்குத் தாங்கிகள் கொடுப்பார்கள். அந்தப் பெட்டிதான் முதலில் துருப்பிடிக்கும் இடமும். துருவை வெட்டி எடுக்காமல் மேலே தகடு ஒட்டி, பட்டி பூசி, பெயின்ட் அடித்துக் கொடுத்தால் பார்வைக்கு அழகாகத்தான் இருக்கும்.

வாங்குமுன் ஒரு சோதனை செய்யலாம். வண்டியைச் சமதளத்தில் நிறுத்திக் கதவைச் சாத்தி, சுற்றிலும் உள்ள இடைவெளியைப் பாருங்கள். பின்பக்க மூலை ஒன்றை மட்டும் ஜாக்கியில் தூக்குங்கள். கதவு இடித்தாலோ, தாழ் விழ மறுத்தாலோ உடல் வளைகிறது என்று அர்த்தம். பற்றவைப்பு வேலையின்போதும் வண்டியை ஜாக்கியில் தொங்கவிடக் கூடாது. வளைந்த நிலையிலேயே இறுகிவிடும். கதவு வாசலில் தற்காலிகக் கம்பி கொடுத்த பிறகே வெட்ட வேண்டும்.

இத்தனையும் சரியாகச் செய்தாலும் சட்டம் வேறு. மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52-ன்படி, ஆர்.சி.யில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறிப்பிட்டதிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதையே உறுதிசெய்தது. மீறும் உரிமையாளருக்கு 182ஏ பிரிவில் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். விபத்து நடந்தால், சொல்லாமல் செய்த மாற்றத்தைக் காட்டி, சொந்த வண்டிச் சேதத்துக்கான இழப்பீட்டை இன்சூரன்ஸ் கம்பெனி மறுக்கவும் வழியுண்டு.

விண்டேஜ் பதிவு வாங்கிச் சமாளிக்கலாம் என்றும் சிலர் நினைக்கலாம். 2021-ல் வந்த விதிகள் 50 ஆண்டு கடந்த வண்டிகளுக்கு அந்தப் பதிவைத் தருகின்றன. ஆனால் சேஸிஸ், உடல், இன்ஜின் மாறாமல் இருக்க வேண்டும். வாடகைக்கும் ஓட்ட முடியாது. ஊர்வல வண்டிக்கு இந்தக் கதவும் அடைத்தாயிற்று.

ஓப்பனாகவே பதிவான கார் என்றால் அதன் துருவை நீக்கி, பழைய அளவிலேயே தகடு மாற்றுவது பழுதுபார்ப்பு. அதற்குப் பட்டறையில் எந்தப் பகுதி, எவ்வளவு கனத் தகடு, என்ன தொகை என்று எழுதி வாங்குங்கள். பட்டி பூசுமுன் போட்டோ எடுக்கச் சொல்லுங்கள். சேஸிஸ் எண் பொறித்த இடத்தில் கிரைண்டர் படவே கூடாது. எண் அழிந்தால் திருட்டு வண்டியோ என்ற சந்தேகம் உங்கள் தலையில்தான் விழும்.

வேலை மோசமானால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லலாம். தீராவிட்டால், 2 ஆண்டுக்குள் தர்மபுரி மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போடலாம். பட்டறை வெளியூரில் இருந்தாலும், நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போட உரிமை உண்டு. வக்கீல் கட்டாயமில்லை. கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணமும் இல்லை. கார் வியாபாரியிடம் ஏமாந்தாலும் இதே வழிதான். பக்கத்துத் தெருக்காரரிடம் தனிப்பட்ட முறையில் வாங்கியிருந்தால் நுகர்வோர் ஆணையம் கைகொடுக்காது, சிவில் கோர்ட்டுக்குத்தான் போக வேண்டும். ஆகவே அப்படி வாங்கும்போது, ஆர்.சி.யில் உள்ள உடல் வகையையும் எதிரே நிற்கும் வண்டியையும் பணம் எண்ணுமுன்பே ஒப்பிட்டுப் பாருங்கள்.