ஒகேனக்கல் மசாஜ்: பலன் எண்ணெயிலா, கையிலா?

ஒகேனக்கல்லுக்கு வருகிறவர்கள் பரிசல் ஏறவும் மீன் வறுவல் சாப்பிடவும் மட்டும் வருவதில்லை. பாறையில் குப்புறப் படுத்து, உச்சி முதல் உள்ளங்கால் வரை எண்ணெய் தேய்த்துக்கொண்டு, முதுகில் ‘பட் பட்’ என்று அடி வாங்கி, அப்படியே அருவிக்கு அடியில் போய் நிற்பதற்காகவே வருகிறவர்கள் உண்டு. குளித்துவிட்டு வரும்போது அவர்கள் முகத்தில் தெரிகிற தெளிவு நிஜமானது. அதற்குச் சொல்லப்படும் காரணங்களைத்தான் அப்படியே நம்ப முடியவில்லை.

மூலிகை எண்ணெயின் மகிமை என்பார் ஒருவர். மலை மூலிகையைத் தொட்டு வரும் தண்ணீர் என்பார் இன்னொருவர். கொஞ்சம் படித்தவர் ‘எதிர்மின் அயனி’ என்று ஆரம்பிப்பார். அருவி சிதறும் இடத்தில் காற்று மின்னேற்றம் பெறுவதை இயற்பியலாளர் ஃபிலிப் லெனார்ட் 1892-இல் விளக்கியது உண்மை. ஆனால் அந்த அயனிகள் பதற்றத்தைக் குறைக்கின்றனவா என்று பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த 2013-ஆம் ஆண்டு அறிக்கையில் உறுதியான பலன் எதுவும் தென்படவில்லை.

பலன் பெரும்பாலும் கையில் இருக்கிறது. உளவியலாளர் கிறிஸ்டோஃபர் மோயரும் இரண்டு சகாக்களும் மசாஜ் பற்றிய 37 ஆய்வுகளை அலசி 2004-இல் கண்டது இது: ஒரே ஒரு முறை பிடித்துவிட்டாலே அந்த நேரத்துப் பதற்றம், ரத்த அழுத்தம், இதயத் துடிப்பு மூன்றும் குறைகின்றன, தொடர்ந்து சில முறை செய்தால் மனச்சோர்வும் தணிகிறது. மன அழுத்த ஹார்மோனான கார்டிசால் குறைகிறது என்று விளம்பரங்கள் அடித்துச் சொல்வதற்கு மட்டும் அந்த அளவு ஆதாரமில்லை.

கையோடு இன்னொன்றும் சேர்கிறது. எண்ணெய்க் கையால் போனைத் தொட முடியாது! அவ்வளவு நேரம் யாரும் கூப்பிடாமல், எதையும் பார்க்காமல் கிடப்பது பலருக்கு வாரத்தில் ஒரு நாள்கூட வாய்ப்பதில்லை.

இதில் ஒரு முரணும் உண்டு. ஊர் பாரத்தை இறக்கிவைக்கும் மசாஜ் தொழிலாளிக்குத் தன் பாரத்தை இறக்க இடமில்லை. தமிழக எல்லையில் உள்ள பிலிகுண்டுலுவில் அளக்கும் காவிரி நீர்வரத்து எகிறினால் குளியலுக்கும் பரிசலுக்கும் தடை வரும். சில ஆண்டுகளில் நீர்வரத்து விநாடிக்கு ஒரு லட்சம் கன அடியைத் தாண்டும். தடை நீங்கும்வரை பரிசல் ஓட்டிக்கும் மசாஜ் தொழிலாளிக்கும் வருமானம் கிடையாது.

ஒகேனக்கல்லுக்கு பஸ் ஏற முடியாதவர்கள் ஏங்க வேண்டியதில்லை. நம் வீட்டு எண்ணெய்க் குளியலிலும் இதே சங்கதிதான். நல்லெண்ணெயை வெதுவெதுப்பாக்கித் தலையிலும் தோளிலும் அவசரமில்லாமல் தேய்த்து ஊறவைத்தால் போதும். வீட்டில் ஒருவர் தேய்த்துவிட்டால் இன்னும் நல்லது. அதற்கும் நேரமில்லையா? மூக்கால் மூச்சை இழுங்கள், நுரையீரல் நிறைய இன்னொரு சிறு இழுப்பு, பிறகு வாய் வழியாக மெதுவாக, நீளமாக விடுங்கள். தினமும் ஐந்து நிமிடம் இப்படி ஒரு மாதம் செய்தவர்களின் மனநிலை, தியானம் செய்தவர்களுடையதைவிடக் கூடுதலாக மேம்பட்டதாக ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2023-இல் எழுதினார்கள். காசு செலவில்லாத வைத்தியம்.

ஒகேனக்கல்லோ உள்ளூர் சலூனோ, கழுத்தை வெடுக்கென்று திருப்பி நெட்டி முறிக்க மட்டும் விடாதீர்கள். மூளைக்குப் போகும் ரத்தக்குழாய் கிழிந்து பக்கவாதம் வரை போன சம்பவங்கள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன. காய்ச்சல், எலும்பு முறிவு, காலில் ரத்தக்கட்டி உள்ளவர்களுக்கு மசாஜே வேண்டாம்.

எண்ணெய்க்கும் மூச்சுக்கும் அடங்காத அழுத்தமும் உண்டு. இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கம் கெட்டு, எதிலும் பிடிப்பில்லாமல் போனால் ‘டெலி மானஸ்’ இலவச எண்ணான 14416-ஐ அழையுங்கள். மத்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய சேவை இது. இரவு பகல் எந்நேரமும், தமிழிலேயே பேசலாம்.